தேனீயின் உடம்பிலேயே மருந்து ஊறுகிறது என்றால் கூட்டம் ஏன் சாகிறது?

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் நாற்பது தேனீப் பெட்டி வைத்திருக்கும் ஒருவரின் கேள்வி இது. தேனீயின் உடம்பிலேயே பாக்டீரியாவைக் கொல்லும் பெப்டைடுகள் ஊறுகின்றன என்று விலங்கியல் முதுகலை படிக்கும் அவருடைய மகள் சொல்கிறாளாம். அப்படியானால் 1991-92-ல் நம் மாவட்டத்துப் பெட்டிகள் ஏன் காலியாயின, அந்தப் பெப்டைடைப் பிரித்தெடுத்துப் பெட்டிக்கே மருந்தாகக் கொடுக்கலாகாதா, மகள் இதையே ப்ராஜெக்டாக எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: தேனீ தனக்கென்று செய்துகொள்ளும் இந்த ஆயுதம் எந்த எதிரியை அடிக்கும், யாரை அடிக்காது? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மகள் சொன்னது முழுக்கச் சரி. அமினோ அமிலங்களைச் சிறு சங்கிலியாகக் கோத்தால் அது பெப்டைடு. நம் உடம்பு ஒருமுறை வந்த கிருமியை நினைவில் வைத்து அதற்கென்றே எதிர்ப்பொருள் செய்கிறது. பூச்சிக்கு அந்த ஏற்பாடு கிடையாது. அதற்குப் பதிலாக, கிருமி உள்ளே நுழைந்த சில மணி நேரத்தில் வயிற்றுப் பகுதியிலுள்ள கொழுப்புத் திசு விழித்துக்கொண்டு பெப்டைடுகளைச் செய்து ஹீமோலிம்ஃபில், அதாவது பூச்சியின் ரத்தத்தில், கலந்துவிடும். இதை முதலில் தெளிவாகக் காட்டியது ஸ்டாக்ஹோமில் ஹான்ஸ் போமன் குழு. செக்ரோப்பியா என்ற பெரிய விட்டில் பூச்சியின் கூட்டுப்புழுவில் பாக்டீரியாவைச் செலுத்தி, அது எதிர்த்துச் செய்த பெப்டைடைப் பிரித்து, 1981-ல் செக்ரோபின் என்ற பெயரில் வெளியிட்டார்கள். 1987-ல் மைக்கேல் சாஸ்லோஃப் ஆப்பிரிக்க நகத்தவளையின் தோலிலிருந்து 23 அமினோ அமிலம் கொண்ட மகெய்னினைக் கண்டார். நம் வெள்ளணுக்களிலும், இறாலின் ரத்த அணுக்களிலும், பசுவின் மூச்சுக்குழாய் உட்சவ்விலும் இந்த வகைப் பெப்டைடுகள் உண்டு. உயிரினத்துக்கு உயிரினம் வடிவம் மாறினாலும் அடிப்படை ஒன்றே. பெரும்பாலானவற்றுக்கு நேர்மின்னேற்றம் இருக்கும். பாக்டீரியாவின் வெளிப்புறத்தில் எதிர்மின்னேற்றம் அதிகம். அதனால் இவை போய் அங்கே ஒட்டும். பலவும் ஒட்டியபின் சவ்வைக் குலைத்துக் கொல்லும். விலங்குச் செல்லின் சவ்வு வெளிப்புறத்தில் ஏறக்குறைய நடுநிலையானது, கொலஸ்ட்ராலும் உள்ளது. ஆகவே அளவோடு இருக்கும்வரை சொந்த உடம்பு தப்பிவிடுகிறது.

தேனீயிடம் முக்கியமாக நான்கு வகை உண்டு. 1989-ல் பெல்ஜியம் ஆய்வாளர்கள் ஐரோப்பியத் தேனீயில் கண்ட அபிடேசின் 18 அமினோ அமிலம் மட்டுமே கொண்டது, புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்தது. அடுத்தடுத்து அபேசின் 34, ஹைமனாப்டேசின் 93 என்று வந்தன. நான்காவது டிஃபென்சின், இளம் தேனீக்கள் சுரந்து ஊட்டும் ராயல் ஜெல்லியில் ராயலிசின் என்ற பெயரில் 1990-ல் கண்டது இதைத்தான். 51 அமினோ அமிலம், மூன்று கந்தகப் பாலங்கள். இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. பாக்டீரியாவை அதன் வெளிச்சுவரின் அமைப்பை ஒட்டி கிராம்-நெகட்டிவ், கிராம்-பாசிட்டிவ் என்று இரு பெரும் பிரிவாகப் பிரிப்பார்கள். அபிடேசின் சவ்வைக் கிழிப்பதே இல்லை, ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் உள்சவ்விலிருக்கும் ஒரு கடத்தி, அதாவது பொருளை உள்ளே கொண்டுபோகும் புரதம், வழியாக உள்ளே போய், செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமில் புரதம் செய்து முடிக்கும் கட்டத்தை முடக்கிவிடும். அந்தக் கடத்தியை இழந்த பாக்டீரியாவிடம் அதன் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாவிடம் அதன் வேலை மிகக் குறைவு. டிஃபென்சினுக்கோ கிராம்-பாசிட்டிவ்தான் இலக்கு. ஹைமனாப்டேசின் இரண்டு பக்கமும் ஓரளவு வேலை செய்யும். தேனீயின் உறவான பம்பிள் தேனீயில் பார்த்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது: அங்கே அபேசின் தனியாக ஈ.கோலையை அவ்வளவாகத் தொடவில்லை. ஹைமனாப்டேசின் சவ்வில் துளை போட்டுக் கொடுத்ததும் உள்ளே போய் வேலையை முடித்தது. இந்தச் சேர்மானத்தை மனதில் வையுங்கள். பிரித்தெடுத்துத் தனியாகக் கொடுப்பது பற்றிப் பேசும்போது இதற்கு மீண்டும் வருகிறேன்.

இனி நோய்களைப் பாருங்கள். புழுவைத் தாக்கும் பெயர்பெற்ற இரண்டு பாக்டீரியா நோய்கள், அமெரிக்கப் புழு அழுகலும் ஐரோப்பியப் புழு அழுகலும், இரண்டுமே கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாவால் வருபவை. அபிடேசின் எவ்வளவு ஊறினாலும் அங்கே பெரிய பலன் இல்லை. டிஃபென்சினைத்தான் நம்ப வேண்டும். 1991-92-ல் குமரியையும் கேரளத்தையும் சேர்த்து அடித்ததோ பாக்டீரியாவே அல்ல. அது தாய்லாந்தின் பெயர் பெற்ற தாய் சாக்புரூட் வைரஸ். 1976-ல் தாய்லாந்தில் முதலில் தெரிய வந்து, 1978 வாக்கில் வடகிழக்கு இந்தியாவில் நுழைந்து, தெற்கே இறங்கி நம் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டது. இந்த வைரஸுக்கு வெளியே கொழுப்புச் சவ்வு கிடையாது, ஆர்.என்.ஏ-வைச் சுற்றிப் புரத உறை மட்டும்தான். சவ்வில் ஒட்டிக் குலைக்கும் பெப்டைடுக்கு இங்கே ஒட்ட இடமே இல்லை. ரைபோசோமை முடக்கும் அபிடேசினுக்கும் வேலை இல்லை, ஏனென்றால் வைரஸுக்குச் சொந்த ரைபோசோம் கிடையாது. புழுவின் செல்லுக்குள் உட்கார்ந்து அதன் ரைபோசோமையே பயன்படுத்திக்கொள்கிறது. ஆக, பெப்டைடு இருந்தும் கூட்டம் செத்ததில் முரண்பாடு எதுவும் இல்லை. வந்த எதிரி வேறு.

பெப்டைடு எந்த வைரஸையும் அடிக்காது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017-ல் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளை ஒன்றின் தோலிலிருந்து உருமின் என்ற பெப்டைடை வெளியிட்டன. அது எச்1 வகை இன்ஃப்ளூயன்சா வைரஸைக் குலைக்கிறது, எலிகளையும் காப்பாற்றியது. ஆனால் அது பிடிப்பது அந்த வைரஸின் மேற்புறப் புரதத்தில் ஒரு குறிப்பிட்ட தண்டுப் பகுதியை. ஒரு வைரஸில் கிடைத்த வெற்றியை இன்னொன்றுக்கு நீட்ட முடியாது. தேனீ வைரஸை எதிர்க்கப் பெரிதும் நம்பியிருப்பது வேறொரு வழியை: வைரஸின் இரட்டை இழை ஆர்.என்.ஏ-வைச் சிறு துண்டுகளாக வெட்டி, அந்தத் துண்டுகளை வைத்தே மீதியைத் தேடி அழிப்பது. சீனாவில் ஆசியத் தேனீயின் புழுக்களுக்கு இப்படிப்பட்ட ஆர்.என்.ஏ-வை உணவில் கலந்து கொடுத்துச் சாக்புரூட் தொற்றைக் குறைத்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் உறுதி, மழையும் எறும்பும் உள்ள ரப்பர் தோட்டத்துப் பெட்டியில் அதே பலன் வரும் என்பது இன்னும் நிரூபிக்க வேண்டிய சங்கதி.

நடைமுறையில் உங்களுக்கு முதலில் வேண்டியது, செத்த புழுவைப் பார்த்து எதிரி யார் என்று அடையாளம் காண்பது. சாக்புரூட் என்றால் புழு அறைக்குள் மல்லாந்து நீளவாக்கில் கிடக்கும், தலை மட்டும் மேலே தூக்கியிருக்கும். வெளிர் மஞ்சளாகி, தலைப்பக்கம் முதலில் கருக்கும். இடுக்கியால் மெல்லத் தூக்கினால் தோல் கிழியாமல் தண்ணீர் நிறைந்த பையாக வரும். காய்ந்தபின் அடர் பழுப்புச் செதிலாகி அறையிலிருந்து எளிதில் கழன்றுவிடும். ஐரோப்பிய அழுகலில் புழு பெரும்பாலும் அறை மூடுவதற்கு முன்பே முறுக்கிக்கொண்டு சாகும். புளித்த வாடை வரும். அமெரிக்க அழுகலில் மூடி உட்குழிந்து ஓட்டை விழும். தீக்குச்சியை உள்ளே விட்டு இழுத்தால் பழுப்புக் கோழை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நூலாக நீளும், செதில் அறையோடு ஒட்டிக்கொண்டு வரவே வராது. சாக்புரூட்டுக்கு டெட்ராசைக்ளின் கரைத்துக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வைரஸுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. மருந்து தேனில் தங்கி, சோதனையில் அகப்பட்டு, சரக்கு திரும்பி வரும். தேனீயின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் அழிந்து கூட்டம் இன்னும் மெலியும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சாக்புரூட் பிடித்த பெட்டியில் பலன் தருவது புழு வளர்ப்பை நிறுத்திவைப்பதுதான். செத்த புழுவை அப்புறப்படுத்தும் இளம் பணித்தேனீக்கள் அந்தத் திரவத்தின் வழியாக வைரஸைத் தலைச் சுரப்பிகளில் ஏற்றிக்கொண்டு, அதே சுரப்பியின் பாலை அடுத்த புழுவுக்கு ஊட்டுகின்றன. புழுவே இல்லாவிட்டால் இந்தச் சுற்று அறுந்துவிடும். ராணியைச் சிறு கூண்டில் இரண்டு முதல் மூன்று வாரம் அடைத்துவையுங்கள். நோய்ப் புழு மிகுந்த அடைகளை வெட்டி எடுத்து எரித்துவிடுங்கள். அந்தப் பெட்டியில் பயன்படுத்திய கத்தி, சட்டம் எதையும் சுத்தம் செய்யாமல் அடுத்த பெட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். இதில் தவறு நேரும் இடம் இரண்டு. தீனி இல்லாத மழைக்காலத்தில் ராணியை அடைத்தால் இந்தியத் தேனீ பெட்டியை விட்டே பறந்துவிடும். அடைப்பதற்கு முன்பே சீனிப்பாகு வையுங்கள். ராணியைக் கொன்றுவிட்டுப் புது ராணிக்குக் காத்திருப்பவர்கள் நாளை நீட்டிவிட்டால் பணித்தேனீக்களே முட்டையிட ஆரம்பித்து, கூட்டம் ஆண் தேனீக் கூட்டமாகிவிடும். இந்தியத் தேனீயில் இது சீக்கிரம் நடக்கும். நீண்ட நாள் தீர்வு என்றால், நோய் வந்தும் தாக்குப்பிடித்த கூட்டங்களிலிருந்தே ராணிகளை எடுத்துப் பெருக்குவது. 1990-களுக்குப் பிறகு நம் பக்கத்துத் தேனீ வளர்ப்பு மீண்டு வந்தது இப்படித் தப்பிய கூட்டங்களைப் பெருக்கித்தான்.

இனி பெப்டைடை எடுத்து மருந்தாகக் கொடுப்பது. முதல் தடை அளவு. முழு வளர்ச்சியடைந்த ஒரு புழுவிலிருந்து 20 மைக்ரோலிட்டர் ஹீமோலிம்ஃப் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் 10 மில்லிக்கு 500 புழு பலியாக வேண்டும். அதிலும் தூய்மைப்படுத்தியபின் மிஞ்சுவது மைக்ரோகிராம் கணக்குதான். அபிடேசின் போன்ற சின்னச் சங்கிலியைச் செயற்கையாகச் செய்து மில்லிகிராம் கணக்கில் வரவழைக்கலாம். ஆய்வகத்துக்கு அது கட்டுப்படியாகும், பெட்டிக்குக் கட்டுப்படியாகாது. டிஃபென்சினின் மூன்று கந்தகப் பாலங்களைச் சரியான ஜோடியில் மடிப்பது அதைவிடக் கடினம். இரண்டாவது தடை, பாகில் கலந்து கொடுத்த பெப்டைடு தேனீயின் குடலில் புரதம் செரிப்பதுபோல் செரித்துப்போகும். நோய் நடப்பதோ புழுவின் உடம்பில். மூன்றாவது, நான் முன்பு சொன்ன சேர்மானம். உடம்பு நான்கையும் ஒரே இடத்தில், தேவைப்பட்ட நேரத்தில், அதிகச் செறிவில் கலந்து விடுகிறது. அதிலிருந்து ஒன்றை மட்டும் பிடுங்கிக் குறைந்த செறிவில் நாள்கணக்கில் கொடுத்தால், கொல்வதைவிட எதிர்ப்புத்திறன் வளர்ப்பதே அதிகம் நடக்கும். பெப்டைடுக்கு எதிர்ப்பு வராது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 2006-ல் வந்த ஓர் ஆய்வில், மகெய்னினை ஒட்டிச் செய்த பெக்ஸிகனான் என்ற பெப்டைடின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே 600–700 தலைமுறை வளர்த்தபோது ஈ.கோலையும் சூடோமோனாசும் எதிர்ப்பை வளர்த்துக்கொண்டன. எதிர்ப்பு வராது என்று நம்பியிருந்த சாஸ்லோஃபே அந்த ஆய்வின் ஆசிரியர்களில் ஒருவர்.

அதே பெக்ஸிகனான் நீரிழிவுக் கால்புண்ணுக்கான களிம்பாக 1999-ல் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற முடியவில்லை. பிறகு நடந்த பெரிய சோதனைகளிலும் தேறவில்லை. ஆய்வகத் தட்டில் பிரமாதமாகக் கொல்லும் பெப்டைடு, ரத்தத்தின் உப்பிலும் சீரத்திலும் செரிப்பு நொதிகளிலும் மாட்டி வலுவிழப்பதுதான் இந்தத் துறையின் நாற்பதாண்டுச் சிக்கல். மனிதனுக்கு நிலைத்த மருந்தாக வந்த பெப்டைடுகளில் கோலிஸ்டின், டாப்டோமைசின் போன்ற முக்கியமானவை மண் பாக்டீரியா செய்பவை, விலங்கு செய்பவை அல்ல. அவற்றையும் தேன்பெட்டிக்குக் கொண்டுவரக் கூடாது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளில் கோலிஸ்டினை இந்திய அரசு 2019-லேயே தடை செய்துவிட்டது.

அப்படியானால் வளர்ப்பவர் கையில் என்ன இருக்கிறது? தேனீயே அந்தப் பெப்டைடைச் செய்வதற்கான மூலப்பொருளைக் கொடுப்பது. பெப்டைடு புரதம்தான், புரதம் வருவது மகரந்தத்திலிருந்து. பிரான்சில் 2010-ல் செய்த ஆய்வில், பலவகை மகரந்தம் கலந்து தின்ற தேனீக்களிடம் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி ஒரே வகை தின்றவற்றைவிட அதிகம் இருந்தது. புரதத்தின் அளவை மட்டும் கூட்டியதில் அந்தப் பலன் வரவில்லை. புழு உணவையும் தேனையும் கிருமியிலிருந்து காப்பதில் பெரும்பங்கு இந்த நொதிக்கு. நம் மாவட்டத்துக்கு இது நேராகப் பொருந்துகிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புதுத்தளிர் விட்ட ரப்பர் இலைக்காம்பின் நுனியிலிருந்து இனிப்பு கொட்டும். ஆனால் அது பூவிலிருந்து வருவதல்ல, அதோடு மகரந்தம் வராது. தேன் எடுப்பு முடிந்து தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் ஜூனிலிருந்து தீனிக்கு வறட்சி. பெரும்பாலானோர் அப்போது சீனிப்பாகு மட்டும் வைக்கிறார்கள். வயிறு நிறையும், மூலப்பொருள் கிடைக்காது. தென்னை ஆண்டு முழுக்க மகரந்தம் தருவதால், தனி ரப்பர் தோட்டத்துக்குள் பெட்டியை விட்டுவைக்காமல் தென்னையும் வாழையும் பலவகைக் களைப்பூவும் கலந்த விளைக்கு, அதாவது தோப்புக்கு, மாற்றுவது பாதி வேலையை முடித்துவிடும். மாற்று உணவு வைப்பதானால் கொழுப்பு நீக்கிய சோயா மாவு, ஈஸ்ட், பொடித்த சீனி மூன்றையும் உங்கள் பெட்டித் தேனிலேயே பிசைந்து சிறு அடையாக வையுங்கள். இந்தியத் தேனீ இதைத் தயங்கித் தயங்கித்தான் தொடும். இரண்டு நாளில் தொடாததை எடுத்துவிடுங்கள். விட்டால் பூஞ்சணமும் மெழுகு அந்துப்பூச்சியும் வந்து சேரும். கடைத் தேனையோ மற்றவர் பெட்டித் தேனையோ உள்ளே வைக்க வேண்டாம், நோய் வருவது அந்த வழியாகத்தான்.

மகளின் ப்ராஜெக்டுக்கு வருவோம். புதுப் பெப்டைடைக் கண்டுபிடிப்பது முதுகலையின் ஆறு மாதத்தில் ஆகிற காரியமல்ல. அதற்குத் தனிச்சுத்திகரிப்புக் கருவியும் நிறமாலைமானியும் பல சுற்றும் வேண்டும். ஆனால் மேலே சொன்ன தீனிக் கேள்வியையே நம் இந்தியத் தேனீயில் சோதிக்கலாம். சீனிப்பாகு மட்டும் தின்ற இளம் தேனீயின் ஹீமோலிம்ஃபும், பாகோடு பலவகை மகரந்தமும் தின்ற தேனீயின் ஹீமோலிம்ஃபும் பாக்டீரியாவைக் கொல்வதில் வேறுபடுகின்றனவா? எந்த விடை வந்தாலும் பெட்டி வைத்திருப்பவருக்குப் பயன்படும்.

வெளிவரும் பருவத்திலிருக்கும் மூடிய புழு அடையை 34 டிகிரி செல்சியஸ் இன்குபேட்டரில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் வெளிவந்த தேனீக்களை மட்டும் கூண்டுகளில் பிரித்துவிட வேண்டும். இரண்டு குழுவுக்கும் 50 சதவீதச் சீனிப்பாகு. ஒன்றுக்கு மட்டும் மகரந்தம். எட்டு நாள் கழித்துப் பனிக்கட்டி மேல் குளிரவைத்து, வயிற்று வளையங்களுக்கு இடையில் நுண்ணிய கண்ணாடி ஊசியால் 1 மைக்ரோலிட்டரில் ஏறக்குறைய 10,000 ஈ.கோலை செலுத்தலாம். சண்டிகர் எம்.டி.சி.சி போன்ற நுண்ணுயிர்ச் சேகரிப்பிலிருந்து வாங்கிய, நோய் உண்டாக்காத ரகமாக இருக்கட்டும். மருத்துவமனை மாதிரிகளைத் தொட வேண்டாம். ஒவ்வொரு தீனிக் குழுவிலும் மூன்று பிரிவு அவசியம்: ஊசியே படாதவை, உப்புநீர் மட்டும் செலுத்தியவை, பாக்டீரியா செலுத்தியவை. உப்புநீர்ப் பிரிவு இல்லாவிட்டால், குத்தியதனாலேயே வந்த விளைவையும் பாக்டீரியாவால் வந்ததையும் பிரிக்க முடியாது. வளர்ந்த தேனீயோ கடைசிப் பருவப் புழுவோ எடுக்கலாம். கூட்டுப்புழுவை மட்டும் எடுக்கக் கூடாது. ஐரோப்பியத் தேனீயில் இளம் கூட்டுப்புழு பாக்டீரியா செலுத்தியும் பெப்டைடு செய்யாமலே செத்துப்போவதைக் காட்டியிருக்கிறார்கள். இது தெரியாமல் கூட்டுப்புழுவில் தொடங்கினால் வெறும் தட்டைப் பார்த்துவிட்டு முறையே தவறு என்று கைவிட நேரும்.

24 மணி நேரம் கழித்து ஹீமோலிம்ஃப் எடுக்கும்போதுதான் பெரும்பாலான கெடுதலும் நடக்கும். ஊசி ஆழமாகப் போய்க் குடலைத் தொட்டால் மஞ்சளாகக் கலங்கி வரும். அந்தத் தேனீயை ஒதுக்கிவிட வேண்டும், சுத்தமானதோடு சேர்க்கவே கூடாது. நல்லது தெளிவாக, மிக இளம் மஞ்சளில் இருக்கும். வெளியே வந்த சில நிமிடத்தில் அது கருத்துப்போகும், மெலனின் உண்டாவதால். பனிக்கட்டியில் வைத்த குழாயில் ஃபினைல்தயோயூரியா துகள் ஒன்றிரண்டு போட்டுவைத்தால் கருக்காது. அது விஷம், கையுறை போட்டே தொட வேண்டும். குழாய் பாலிப்ரோப்பிலீனாக இருக்க வேண்டும். நேர்மின்னேற்றப் பெப்டைடு பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு, கரைசலில் ஒன்றுமே மிஞ்சாமல் போகும். பத்து தேனீயின் ஹீமோலிம்ஃபைச் சேர்த்து ஒரு மாதிரியாக்கி, குளிர்நிலையில் சுழற்றி, மேல்தெளிவை மைனஸ் 20 டிகிரியில் வைத்தால் போதும்.

கொல்லும் திறனை அளக்கத் தடைவளையச் சோதனையே ஏற்றது: மாதிரியைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வளையம் எவ்வளவு அகலம் என்று பார்ப்பது. மில்லிக்கு 1 லட்சம் பாக்டீரியா கலந்த வளர்ப்பு ஊடகத்தை 9 சென்டிமீட்டர் தட்டில் 7 மில்லி மட்டும் ஊற்றி மெல்லிய படலமாக்கி, 3 மில்லிமீட்டர் குழிகள் வெட்டி, குழிக்கு 3 மைக்ரோலிட்டர் மாதிரி விட்டு, ஒரு இரவு வைக்க வேண்டும். படலம் தடித்துவிட்டால் மாதிரி கீழ்நோக்கியே பரவி வளையம் சிறுக்கும். சாதாரண அகருக்குப் பதில் 1 சதவீத அகரோஸ் எடுக்கச் சொல்லுங்கள். அகரிலுள்ள எதிர்மின்னேற்றச் சல்பேட்டுகள் பெப்டைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊடகத்தில் கால்சியம், மக்னீசியம் கூடுதலாகச் சேர்த்த வகையை வாங்கினாலும் வளையம் சிறுக்கும். ஒரு தட்டு ஈ.கோலைக்கு, இன்னொன்று கிராம்-பாசிட்டிவான மைக்ரோகாக்கஸ் லூட்டியஸுக்கு. டிஃபென்சின் இருந்தால் பின்னதில்தான் தெரியும். ஆனால் மைக்ரோகாக்கஸ், பாக்டீரியாவின் சுவரைக் கரைக்கும் நொதியான லைசோசைமுக்கும் சாகும் என்பதால், அங்கே வளையம் வந்ததை வைத்து மட்டும் டிஃபென்சின் என்று எழுதிவிடக் கூடாது. என்ன பெப்டைடு என்று நெருங்கிப் பார்க்க, சிறு புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் டிரைசின் ஜெல் ஓட்டலாம். வழக்கமான கிளைசின் ஜெல்லில் இத்தனை சிறியவை பட்டையாகப் பிரியாமல் சாய முனையோடு சேர்ந்து ஓடி வெளியே போய்விடும்.

கணக்கில் ஒரு எச்சரிக்கை. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த ஆறு மாதிரி ஆறு தனி மாதிரி ஆகாது. எல்லாம் ஒரே ராணியின் மக்கள். குறைந்தது மூன்று பெட்டி, முடிந்தால் ஐந்து, ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு தீனிக் குழு என்று பிரித்தால்தான் தீனியால் வந்த வேறுபாட்டையும் பெட்டிக்குப் பெட்டி உள்ள வேறுபாட்டையும் பிரிக்க முடியும். உங்கள் நாற்பது பெட்டி அவளுக்கு வாய்த்த வசதி. சென்னையில் இருக்கும் ஒரு மாணவிக்கு இது கிடைக்காது. ஊசி போட்ட தேனீ எதையும் பெட்டிக்குத் திருப்பி விடக் கூடாது, உறையவைத்துக் கொன்று, ஆட்டோகிளேவ் செய்தே அகற்ற வேண்டும். இந்தச் சோதனையால் எழுதக்கூடிய முடிவு, இந்தத் தீனியில் வளர்ந்த தேனீயின் ஹீமோலிம்ஃப் இந்த இரு பாக்டீரியாவை இந்த அளவு தடுத்தது என்பது மட்டுமே. கூட்டம் நோயைத் தாங்கும் என்றோ, சாக்புரூட் வராது என்றோ அதிலிருந்து எழுத முடியாது.

கேள்வியில் போகிற போக்கில், நம் தேனைப் புண்ணுக்குப் போடலாமா, அதிலும் பெப்டைடு உண்டல்லவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தேனில் டிஃபென்சின் உண்டு, 2010-ல் நெதர்லாந்தில் மருத்துவத் தேன் ஒன்றில் காட்டினார்கள். ஆனால் அளவு தேனுக்குத் தேன் மிகவும் மாறும், நியூசிலாந்தின் மனுக்கா தேனில் அதே குழு தேடியபோது அகப்படவே இல்லை. தேன் கிருமியைக் கொல்வதில் உறுதியான பங்கு அதன் சர்க்கரைச் செறிவுக்கும், அமிலத்தன்மைக்கும், நீர் சேரும்போது குளுக்கோஸ் ஆக்சிடேஸ் உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடுக்கும்தான். ரப்பர் தேனில் ஈரம் அதிகம் என்பதால், 20 சதவீத வரம்புக்குள் கொண்டுவர நம் பக்கம் சூடாக்கிப் பக்குவப்படுத்துகிறார்கள். சூடு கூடக்கூட அந்த நொதி செத்துவிடும். சூடாக்காத தேனிலோ கிளாஸ்டிரிடியம் போட்டுலினம் வித்துகள் இருக்கலாம். ஆகவேதான் மருத்துவமனைக்கான தேனைக் காமா கதிரால் தூய்மைப்படுத்துகிறார்கள். அது நொதியைப் பெரும்பாலும் விட்டுவைக்கும், வித்தைக் கொல்லும். கையில் சிறு சுட்ட புண்ணுக்கு வீட்டுத் தேன் தடவுவது ஒன்று. நீரிழிவுக்காரரின் கால்புண்ணிலும் ஆழமான காயத்திலும் பெட்டித் தேனை ஊற்றுவது வேறு. பின்னதைச் செய்யாமல் மருத்துவரிடம் போங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தத் தேனையும் நாக்கில் தொட்டுவைக்க வேண்டாம், வித்து முளைத்து நஞ்சு செய்வது அந்தக் குடலில்தான்.